செவ்வியல் தானுந்துகளுக்கான எஞ்சின் எண்ணெய்

செவ்வியல் தானுந்து என்பது உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் பேணப்பட்டு ஓட்டப்படும் பழைய காரைக் குறிக்கும். இத்தகைய கார்களின் எஞ்சின்கள், அவை வடிவமைக்கப்பட்ட காலத்தில் கிடைத்த உயவு எண்ணெய்களைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. அதன் பின்னர் எண்ணெய்கள் பெரிதும் மாறிவிட்டன. அந்த எஞ்சின்கள் மாறவில்லை. எனவே, இன்று கடையில் கிடைக்கும் எண்ணெய்களுள் எது பழைய எஞ்சினுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. மிகப் புதியதும் விலை உயர்ந்ததுமான எண்ணெயே சிறந்தது என்னும் பொதுவான எண்ணம் இங்குப் பொருந்தாது. தவறான எண்ணெயால், அண்மையில் பிரித்துச் சீரமைக்கப்பட்ட எஞ்சினின் கேம் தண்டு மிகக் குறுகிய ஓட்டத்திலேயே தேய்ந்துபோகக்கூடும். உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காருக்கு இது பேரிழப்பாகும்.

இக்கட்டுரை பெரும்பாலும் 1950கள் முதல் 1980கள் வரையிலான பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, இந்தியாவின் அம்பாசடர் காரில் நெடுங்காலம் பயன்பட்ட பி.எம்.சி. பி-வரிசை எஞ்சின் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எஞ்சினில் எண்ணெயின் பணி

எண்ணெய் எஞ்சினின் எல்லாப் பகுதிகளையும் ஒரே முறையில் காப்பதில்லை. எண்ணெய் தெரிவில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பகுதி இதை அறியாததால் வருவதே ஆகும்.

கிராங்கு தண்டின் பேரிங்குகளில், சுழலும் தண்டு தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயை இழுத்துச் சென்று ஓர் ஆப்பு வடிவப் படலத்தை உருவாக்குகிறது. தண்டு அப்படலத்தின் மேல் மிதக்கிறது; உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் காரின் சக்கரம் தரையைத் தொடாமல் நீரின் மேல் வழுக்குவதும் இதே விளைவுதான். இவ்வகை உயவில் முதன்மையானது எண்ணெயின் பாகுநிலை, அதாவது அதன் தடிப்பு.

கேம் தண்டில் நிலைமை வேறு. அங்கே கேமின் முனையும் டேப்பட்டின் முகமும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடுகின்றன. வால்வு சுருள்வில்லின் விசை முழுவதும் அக்கோட்டில் குவிகிறது. அத்தகைய அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அவ்வப்போது கிழிபடும். உலோகப் பரப்புகள் தொட்டுக்கொள்ளும். இதனை எல்லை உயவு என்பர். இங்கே காப்பது பாகுநிலை அன்று, எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருள்களே.

தட்டையான டேப்பட்டுகள்

1950கள், 60களின் பெரும்பாலான கார்களில் கேம் தண்டு எஞ்சின் பிளாக்கினுள் கீழே அமைந்திருக்கும். அதன் மேல் உட்காரும் டேப்பட்டு ஒரு தள்ளுதண்டின் வழியாக மேலே உள்ள வால்வைத் திறக்கும். டேப்பட்டின் அடிப்பகுதி பார்வைக்குத் தட்டையாகத் தோன்றினாலும் பொதுவாக அது மிக மெல்லிதாகக் குவிந்திருக்கும். கேமின் முகமும் சற்றே சரிந்திருக்கும். இதனால் ஒவ்வொரு தள்ளலின்போதும் டேப்பட்டு தன் அச்சில் சிறிது சுழல்கிறது. இச்சுழற்சி தேய்வை முகம் முழுவதும் பரப்பிவிடுகிறது. ஒரு டேப்பட்டு சுழல்வதை நிறுத்திவிட்டால், அதே இடம் மீண்டும் மீண்டும் உரசப்பட்டு விரைவில் குழியும். குழிந்த டேப்பட்டு கேமின் முனையை மழித்துவிடும்.

பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் டேப்பட்டுக்கும் கேமுக்கும் இடையே உருளை வைக்கப்பட்டது. உருளை உரசுவதில்லை, உருள்கிறது. ஆகவே அவ்வெஞ்சின்களுக்குத் தேய்வைத் தடுக்கும் வேதிப்பொருள் குறைவாக இருந்தாலும் போதும்.

மேலும், பிளாக்கினுள் உள்ள கேம் முனைகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்கு தண்டு வாரியிறைக்கும் துளிகளாகவே வந்து சேர்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இத்துளிகள் குறைவு. சீரமைத்த எஞ்சினை முதன்முறை ஓட்டும்போது வேகம் குறைந்த நிலையில் விட்டுவைக்கக்கூடாது என்பதும், முதல் 20 நிமிடங்களுக்கு ஏறத்தாழ நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளில் ஓடவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

துத்தநாகச் சேர்மமும் வினையூக்கி மாற்றியும்

எல்லை உயவில் உலோகத்தைக் காக்கும் முதன்மைப் பொருள் துத்தநாக டைஆல்க்கைல் டைதயோபாஸ்பேட்டு ஆகும். இது சுருக்கமாக இசட்.டி.டி.பி. எனப்படும். மெக்கானிக்குகள் இதனை ‘சிங்க்’ என்றே கூறுவர். உண்மையில் பணி செய்வது துத்தநாகம் மட்டுமன்று. பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்தே செய்கின்றன. 1940களில் எண்ணெய் ஆக்சிசனேற்றம் அடைவதையும் பேரிங்குகள் அரிக்கப்படுவதையும் தடுப்பதற்கே இது சேர்க்கப்பட்டது. தேய்வைத் தடுக்கும் ஆற்றல் பின்னரே அறியப்பட்டது. உலோகப் பரப்புகள் உரசும் இடத்தில் எழும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இச்சேர்மம் சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட்டுப் படலமாகப் படிகிறது. இதன் தடிப்பு 100 நானோமீட்டர் அளவினதே. உரசலில் தேய்வது இரும்பு அன்று, இப்படலம். தேய்ந்த இடத்தில் புதிய படலம் படிகிறது.

இவ்வளவு பயனுள்ள பொருளை ஏன் குறைத்தார்கள் என்னும் கேள்வி எழலாம். 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிகள் பரவலாகப் பொருத்தப்பட்டன. இந்தியாவில் 1995 முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களில் இவை வந்தன. எஞ்சினில் சிறிதளவு எண்ணெய் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அவ்வாறு எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்பரசு வினையூக்கியின் மேல் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே எண்ணெயின் பாஸ்பரசு அளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் 0.12 விழுக்காடாக இருந்த வரம்பு பின்னர் 0.10 ஆகவும், 2004இல் வந்த எஸ்.எம். தரத்துடன் 0.08 ஆகவும் குறைந்தது. புதிய கார்களுக்கு இது தீங்கு செய்யவில்லை. வினையூக்கி மாற்றியே இல்லாத, தட்டையான டேப்பட்டு கொண்ட பழைய கார்களுக்கோ, இவ்வரம்பினால் ஒரு நன்மையும் இல்லை. காப்பு மட்டும் குறைந்தது.

ஆயினும் இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எஸ்.எம். தரத்திலும் அதற்குப் பின்வந்த தரங்களிலும் 0.08 விழுக்காடு என்னும் உச்சவரம்பு, எரிபொருள் சிக்கனத்திற்கான மெல்லிய எண்ணெய்களுக்கே உரியது. அதாவது 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்றவற்றுக்கு. 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற தடித்த எண்ணெய்களை இவ்வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. ‘புதிய எண்ணெய் எல்லாமே பழைய காருக்கு நஞ்சு’ என்று பரவலாகக் கூறப்படுவது இக்காரணத்தால் மிகைக்கூற்றாகும். எழுத்துக் குறியீட்டை மட்டும் பார்ப்பவர் நல்ல எண்ணெயை ஒதுக்கிவிடவும் கூடும்.

அதேபோல், சிதைந்த கேம் தண்டுகள் அனைத்துக்கும் எண்ணெயே காரணம் என்பதும் சரியன்று. போதிய கடினம் ஏற்றப்படாத மலிவான மாற்று டேப்பட்டுகள், தேவைக்கு மீறிய விறைப்புள்ள சுருள்விற்கள், முதல் ஓட்டத்தில் செய்யப்பட்ட கவனக்குறைவு ஆகியவையும் காரணங்களே. பல்லாண்டுகள் ஓடி ஒன்றுக்கொன்று பழகிவிட்ட கேமும் டேப்பட்டும் எளிதில் கெடுவதில்லை. இடர் மிகுதியாக உள்ளது புதிய கேம் தண்டு பூட்டிய எஞ்சினுக்கே.

பொதுவாகப் பழைய எஞ்சின்களுக்கு 0.10 முதல் 0.14 விழுக்காடு வரை பாஸ்பரசு கொண்ட எண்ணெய் ஏற்றதாகக் கருதப்படுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் இவ்வளவு பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். 1,000 பி.பி.எம். எனக் குறித்திருந்தால் அது 0.10 விழுக்காடு ஆகும். குறைவதைப் போலவே மிகுவதும் தீதே. 0.20 விழுக்காட்டை நெருங்கும்போது இதே சேர்மம் இரும்பை அரித்து, கேமின் பரப்பில் செதில் செதிலாகப் பெயர்வை உண்டாக்கக்கூடும். எனவே தனிக் குப்பியில் விற்கப்படும் ‘சிங்க்’ கலவைகளை, ஏற்கனவே போதிய அளவு உள்ள எண்ணெயில் கணக்கின்றி ஊற்றுதல் கூடாது.

பாகுநிலைத் தரம்

எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்களை வகுத்தது எஸ்.ஏ.ஈ. எனப்படும் அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் கழகம் ஆகும். இதன் முதல் வகைப்பாடு 1911இல் வெளியானது. 20டபிள்யூ-50 என்பதில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண், எண்ணெய் குளிர்ந்த நிலையில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் காட்டுகின்றன. அவ்வெப்பநிலையில் 30 தர எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்கு வரையும், 40 தரத்தினது 12.5 முதல் 16.3 வரையும், 50 தரத்தினது 16.3 முதல் 21.9 வரையும் இருக்கும்.

20டபிள்யூ-50 எண்ணெய் குளிர்ந்தால் 20 ஆகவும் சூடானால் 50 ஆகவும் ‘தடிக்கும்’ என்று சிலர் எண்ணுவர். எந்த எண்ணெயும் சூட்டில் தடிப்பதில்லை. ஒரு 20டபிள்யூ-50 எண்ணெய் 40 பாகையில் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக்கும் 100 பாகையில் ஏறத்தாழ 18 சென்டிஸ்டோக்கும் கொண்டிருக்கும். குளிரில் 20டபிள்யூ எண்ணெயைப் போலவும், சூட்டில் 50 தர எண்ணெயின் அளவுக்கும் இருக்கும் என்பதே இதன் பொருள். இதனைச் செய்வது எண்ணெயில் கரைந்துள்ள நீண்ட பலபடி மூலக்கூறுகள். சூட்டில் அவை விரிந்து, எண்ணெய் அளவுக்கு மீறி நீர்த்துவிடாமல் தடுக்கின்றன. முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் இடைவெளி கூடக்கூட, கனிம எண்ணெயில் இப்பலபடிகள் கூடுதலாகத் தேவைப்படும். பற்சக்கரங்களிடையே நசுங்கும்போது இவை அறுந்துபோகும். 1959இல் வெளிவந்த மினி காரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே அக்கார் எண்ணெயின் பலபடிகளுக்குக் கடுமையான தேர்வாக அமைந்தது.

20டபிள்யூ தரத்திற்கான குளிர்த் தொடக்கச் சோதனை −15 பாகை செல்சியசில் செய்யப்படுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடும் காருக்கு அத்தகைய குளிர் வரப்போவதில்லை. அங்கெல்லாம் முன்னெண் 20 ஆக இருப்பதில் குறையொன்றுமில்லை. கனடாவிலோ வட ஐரோப்பாவிலோ பனிக்காலத்தில் ஓட்டுவோர் மட்டும் 15டபிள்யூ அல்லது 10டபிள்யூ பற்றி எண்ண வேண்டும்.

பலதர எண்ணெய்கள் பரவலாகும் முன்னர் வந்த கையேடுகள், பொதுவாகக் கோடைக்கு 30, குளிர்காலத்துக்கு 20 என ஒற்றைத் தரங்களையே குறிப்பிட்டன. 1960களில் 20டபிள்யூ-50 பிரித்தானியக் கார்களின் வழக்கமான எண்ணெயாயிற்று. 1968இல் வெளிவந்த காஸ்ட்ரால் ஜி.டி.எக்ஸ். அக்காலத்தில் மிகப் புகழ்பெற்றது.

எண்ணெய் அழுத்தமானியைப் பற்றியும் ஒரு சொல். தடித்த எண்ணெய் ஊற்றினால் முள் மேலே ஏறும், உரிமையாளருக்கு மனநிறைவு. ஆனால் அழுத்தம் என்பது எண்ணெய் ஓட்டத்திற்கு ஏற்படும் தடையின் அளவு. ஓட்டம் குறைந்தும் அழுத்தம் கூடலாம். தேய்ந்த பேரிங்கை 60 தர எண்ணெயால் சரிசெய்ய முடியாது. அதனைச் சில காலம் மறைக்க மட்டுமே முடியும்.

ஏ.பி.ஐ. எழுத்துக் குறியீடு

குப்பியின் பின்புறம் வட்ட முத்திரையில் காணப்படும் எஸ்.எல்., எஸ்.என். போன்ற எழுத்துகள் ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரங்கள். முதல் எழுத்தான எஸ், பெட்ரோல் எஞ்சினைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் முன்னேறுகிறது. இடையில் சில எழுத்துகள் விடப்பட்டுள்ளன. எஸ்.எஃப். 1980இலும், எஸ்.ஜி. 1989இலும், எஸ்.எல். 2001இலும், எஸ்.என். 2010இலும், எஸ்.பி. 2020இலும் வந்தன. 2025இல் எஸ்.கியூ. வந்தது.

இவ்வரிசையின் தொடக்கத்தில் உள்ள எஸ்.ஏ. எண்ணெயில் வேதிச் சேர்க்கை எதுவும் இருக்கத் தேவையில்லை. 1930க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது ஏற்றதன்று என அந்நிறுவனமே எச்சரிக்கிறது. ‘பழைய காருக்குப் பழைய எண்ணெய்’ என எண்ணி எஸ்.ஏ. எண்ணெயை வாங்குவது, புதிய மெல்லிய எண்ணெயை வாங்குவதைக் காட்டிலும் பெரிய தவறாகும்.

வட்ட முத்திரையைத் தவிர, சில குப்பிகளின் முன்புறம் விண்மீன் வெடிப்புப் போன்ற இன்னொரு முத்திரை இருக்கும். எரிபொருள் சிக்கனமும் பாஸ்பரசு வரம்பும் கொண்ட எண்ணெய் என்பதற்கு அதுவே அடையாளம். தட்டையான டேப்பட்டு கொண்ட காருக்கு வாங்குபவர் இம்முத்திரை உள்ள குப்பியைத் தவிர்ப்பது நல்லது. மாறாக, 1990களின் பிற்பகுதியில் வந்த பழங்காரில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டிருந்தால், கையேடு கூறும் தரத்தையோ அதற்குப் பிந்தியதையோ பயன்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு: அம்பாசடர்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியில் அம்பாசடரை வெளியிட்டது. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை இதன் உற்பத்தி தொடர்ந்தது. இக்காரில் நெடுங்காலம் பயன்பட்டது 1,489 கன செ.மீ. பி-வரிசை எஞ்சின். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. விளையாட்டுக் காரிலும் இதே கொள்ளளவு பி-வரிசை எஞ்சினே இருந்தது. ஆகவே பிரித்தானியாவில் எம்.ஜி. கார்களைப் பேணுவோரின் பட்டறிவு அம்பாசடர் உரிமையாளருக்கும் பயன்படும்.

இவ்வெஞ்சினில் கேம் தண்டு பிளாக்கினுள் உள்ளது, டேப்பட்டுகள் தட்டையானவை, வினையூக்கி மாற்றி இல்லாத காலத்து வடிவமைப்பு. மேலே கூறியவற்றின்படி இதற்குப் பொருத்தமானது, போதிய பாஸ்பரசு கொண்ட கனிம 20டபிள்யூ-50 எண்ணெய். தென்னிந்தியாவில் இது அரிதான பொருளும் அன்று. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் இதே பாகுநிலையே வழக்கம் என்பதால் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்து வந்துள்ளது. இறக்குமதியான 5டபிள்யூ-30 செயற்கை எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுத்து, இவ்வெஞ்சினுக்குக் குறைந்த காப்பைப் பெறுவது வீண்செலவு.

டீசல் வாகனங்களுக்கான 15டபிள்யூ-40 எண்ணெயைச் சிலர் பயன்படுத்துகின்றனர். சி.ஐ.-4 தர டீசல் எண்ணெய்களில் தேய்வுத் தடுப்புப் பொருள் பொதுவாகத் தாராளமாகவே இருக்கும். குப்பியில் பெட்ரோல் எஞ்சினுக்கான எஸ் வரிசைத் தரமும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தால், தேய்வு குறைந்த நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்கு இது ஏற்ற மாற்றே.

ஓர் எச்சரிக்கை: எல்லா அம்பாசடரிலும் பி-வரிசை எஞ்சின் இல்லை. 1990களில் இசுசு 1800 எஞ்சின் கொண்ட வகைகள் வந்தன; டீசல் வகைகளும் உண்டு. எண்ணெய் வாங்குமுன் பானட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று பார்க்க வேண்டும்.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மும்பையின் பிரீமியர் பத்மினி, இலங்கையில் இன்றும் காணப்படும் மோரிஸ் மைனர் ஆகியவையும் தட்டையான டேப்பட்டு கொண்ட தள்ளுதண்டு எஞ்சின்களே. இவற்றுக்கும் அடிப்படை ஒன்றே.

செயற்கை எண்ணெயும் கசிவும்

செயற்கை எண்ணெய் பழைய எஞ்சினைக் கெடுக்கும் என்பது பாதி உண்மை. 1970களின் தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் சில, இரப்பர் அடைப்புகளைச் சுருங்கச் செய்து கசிவை உண்டாக்கின. பின்னர் எஸ்டர்கள் சேர்க்கப்பட்டு இக்குறை நீக்கப்பட்டது. ஆயினும் மூன்று முதன்மைப் பேரிங்குகள் கொண்ட பி-வரிசை எஞ்சினின் பின்முனையில் இரப்பர் அடைப்பே இல்லை. கிராங்கு தண்டில் வெட்டப்பட்ட திருகுவரை ஒன்று, வெளியேற முயலும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. இது புதியதாக இருந்தபோதே முழுமையாக அடைத்ததில்லை. இவ்வமைப்பில் மெல்லிய எண்ணெய், அது செயற்கையானாலும் கனிமமானாலும், எளிதில் வழியும். தரையில் விழும் நான்கு சொட்டுகளை இக்காரின் இயல்பு என ஏற்றுக்கொள்வதே முறை.

ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், நீண்ட ஓட்டத்திற்காகவே விலை வைக்கப்பட்ட செயற்கை எண்ணெயின் மேன்மை பயன்படாமலே வடித்துக் கொட்டப்படும்.

வடிகட்டி இல்லாத எஞ்சின்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களில் முழு எண்ணெயையும் வடிகட்டும் அமைப்பு இல்லை. இன்றைய எண்ணெய்களில் உள்ள மாசகற்றிகள் அழுக்கை எண்ணெயிலேயே மிதக்கவைத்து வடிகட்டிக்கு அனுப்புகின்றன. வடிகட்டி இல்லையெனில் அவ்வழுக்கு பேரிங்குகளையே சுற்றிவரும். அக்கால எண்ணெயில் அழுக்கு சம்ப்பின் அடியில் சேறாகப் படிந்துவிடும். ஆகவே இத்தகைய எஞ்சினில் மாசகற்றி குறைந்த ஒற்றைத் தர எண்ணெயையே தொடர்வது வழக்கம். மாற விரும்பினால் முதலில் சம்ப்பைக் கழற்றிச் சேற்றை வழித்தெடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் புதிய எண்ணெயை ஊற்றினால், பல்லாண்டுச் சேறு ஒருசேரப் பெயர்ந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைக்கலாம்.

பழைய பந்தயக் கார்களில் ஆமணக்கெண்ணெயும் உயவு எண்ணெயாகப் பயன்பட்டது. காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. நம் ஊர்களில் மாட்டுவண்டி அச்சுக்கு இடும் வண்டி மையிலும் ஆமணக்கெண்ணெய் உண்டு. எஞ்சினில் அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும். கனிம எண்ணெயுடன் சரிவரக் கலப்பதுமில்லை.

எண்ணெய் மாற்றும் காலம்

நாள்தோறும் ஓடும் காரைவிட நின்றே இருக்கும் காரில்தான் எண்ணெய் விரைவில் கெடுகிறது. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து நீராகி, எரிபொருளின் எச்சங்களுடன் சேர்ந்து அமிலத் தன்மை பெறுகிறது. கார்புரேட்டரின் சோக்கினால் எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எஞ்சினோடு இணைந்த பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் இதுவே நிகழும். அளவுக்கோலை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை தெரியும். எண்ணெயின் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதுவும் ஓர் அறிகுறி. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற பசை காணப்பட்டால் அது நீர் கலந்ததைக் காட்டும். நீண்ட ஓட்டத்தில் அது மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாவிட்டால் சிலிண்டர் தலையின் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

ஓடிய தொலைவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது நல்லது. காரைப் பல மாதங்கள் நிறுத்தி வைக்க எண்ணினால், நிறுத்தும் முன்னரே மாற்றிவிட வேண்டும். அமிலம் கலந்த பழைய எண்ணெயில் பேரிங்குகள் ஊறிக்கிடப்பது இதனால் தவிர்க்கப்படும். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும்.

மாற்றும்போது வால்வு இடைவெளிகளையும் அளந்து எழுதி வைத்துக்கொள்வது பயன்தரும். சரிசெய்த பின்னும் ஒரே வால்வின் இடைவெளி மட்டும் மீண்டும் மீண்டும் கூடிவருமானால், அதற்குரிய கேம் முனை அல்லது டேப்பட்டு தேய்ந்துகொண்டிருக்கக்கூடும். அந்நிலையில் எந்த எண்ணெயும் அதனை மீட்காது. தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் பேரிங்குகளைச் சென்றடையும் முன் எஞ்சினை நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிய கேம் தண்டு பூட்டும்போது டேப்பட்டுகளையும் உடன் மாற்ற வேண்டும். பழைய டேப்பட்டு புதிய கேமைத் தின்றுவிடும்.